அக்ரெடிட்டட் இன்வெஸ்டர் கட்டத்தில் டிக் போடலாமா?

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம்:

"நானும் மனைவியும் மென்பொருள் துறையில் வேலை செய்கிறோம். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். எங்கள் ஊர் நண்பர் ஒருவர் சிலரோடு சேர்ந்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை வாங்குகிறார். குறைந்தது 75,000 டாலர் போட வேண்டுமாம். 600 பேர் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிர்ந்தார். படிவத்தில் 'நான் அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்' என்று டிக் போடச் சொல்கிறார், யாரும் சரிபார்ப்பதில்லை என்கிறார். எங்கள் கூட்டு வருமானம் 2024இல் 2,88,000, 2025இல் 3,21,000 டாலர். 2025இல் என் வருமானம் மட்டுமே 2,04,000. வீடு, 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு, பங்குகள், கோவையில் அண்ணனோடு சேர்ந்து வாங்கிய மனை எல்லாம் கூட்டினால் 14 லட்சம் டாலருக்கு மேல் வருகிறது. நாங்கள் தகுதியானவர்களா? இல்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) தொடங்கி அதன் பெயரில் போடலாமா?"

அக்ரெடிட்டட் இன்வெஸ்டர் என்றால், வருமானம், சொத்து போன்ற அளவுகோல்களைத் தாண்டியதால், பதிவு செய்யாத தனியார் முதலீடுகளை வாங்கத் தகுதியானவர் என்று விதி ஏற்பவர். இன்றைய நிலையில் நீங்கள் இருவரும் தகுதி பெறவில்லை. டிக் போடாதீர்கள். எல்எல்சி வழியும் உதவாது. ஆனால் 2026 வருமானமும் சரியாக அமைந்தால், 2027 ஜனவரியில் நியாயமாகவே தகுதி பெற்றுவிடுவீர்கள். எப்படி என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். முதலில் விசா கவலையை விட்டுவிடுங்கள். இந்த விதி குடியுரிமையையோ விசாவையோ கேட்பதே இல்லை.

அமெரிக்காவில் பொதுமக்களிடம் பங்கோ கூட்டு முதலீடோ விற்க வேண்டுமானால், 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையமான எஸ்.இ.சி.யிடம் பதிவு செய்து, தணிக்கை செய்த கணக்குகளோடு எல்லா விவரத்தையும் வெளியிட வேண்டும். இதிலிருந்து தனியார் விற்பனைக்கு விலக்கு உண்டு. யாருக்கு விற்றால் விலக்கு என்ற கேள்வி ரால்ஸ்டன் பியூரினா வழக்கில் 1953இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன்னைத் தானே காத்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு விற்றால்தான் விலக்கு என்று நீதிமன்றம் சொன்னது. அது யார் என்று ஒவ்வொரு முறையும் வாதாட முடியாது என்பதால், 1982இல் வந்த ரெகுலேஷன் டி என்ற எஸ்.இ.சி. விதித்தொகுப்பு அதற்கு எண்களால் கோடு போட்டது. அந்தக் கோட்டைத் தாண்டுகிறவருக்கு விற்கும்போது, சட்டம் கட்டாயமாக்கும் தகவல் எதையும் விற்பவர் தர வேண்டியதில்லை. அதனால் அந்த டிக் உங்கள் அந்தஸ்தைக் காட்டும் அடையாளம் இல்லை. உங்களுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் கையெழுத்து அது.

வருமானக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். தனி ஆளாக என்றால் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் 2,00,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து என்றால் ஒவ்வொரு ஆண்டும் 3,00,000 டாலருக்கு மேல். நடப்பு ஆண்டிலும் அதே அளவு வரும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணமும் வேண்டும். மணம் செய்யாமல் அதற்கு ஈடான உறவில் சேர்ந்து வாழ்பவர்களும் 2020 டிசம்பர் முதல் கூட்டாகக் கணக்குக் காட்டலாம். உங்கள் 2024 கூட்டு வருமானம் 12,000 டாலர் குறைகிறது. சராசரி எடுத்தால் 3,04,500 வருகிறதே என்று கேட்கலாம். விதி சராசரியை ஏற்பதில்லை, ஒவ்வொரு ஆண்டும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். ஓர் ஆண்டுக்குத் தனி வருமானம், இன்னோர் ஆண்டுக்குக் கூட்டு வருமானம் என்று கலந்து காட்டவும் முடியாது. இடையில் திருமணம் நடந்திருந்தால் மட்டும், திருமணத்துக்கு முந்தைய ஆண்டுக்குத் தனியாகவும் பிந்தைய ஆண்டுக்குக் கூட்டாகவும் காட்ட விதிவிலக்கு உண்டு.

'வருமானம்' என்றால் எது என்று விதி வரையறுக்கவில்லை. இங்கேதான் பலர் சம்பளக் கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையை எழுதிவிடுகிறார்கள். ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் தொகையில் இன்னும் கைக்கு வராத ஆர்எஸ்யூவும் (நிறுவனம் தவணை முறையில் தரும் பங்குகள்) சேர்ந்திருக்கும். வெஸ்ட் ஆன, அதாவது முழுதாக உங்களுக்கு உரிமையான ஆர்எஸ்யூ மட்டும்தான் அந்த ஆண்டுக்கு நிறுவனம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2இல் வரும். நீங்கள் எழுதிய எண்கள் 1040 வருமான வரிப் படிவத்தின் சரிக்கட்டிய மொத்த வருமானமா, சம்பளக் கடிதத்திலிருந்து எடுத்ததா என்று ஒருமுறை பாருங்கள். 1040இன் எண்ணே எல்லையைத் தாண்டினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்தியாவில் வரும் வாடகை போன்றவற்றைச் சேர்ப்பதானால், அந்த ஆண்டின் சராசரி மாற்று விகிதத்தையோ ஆண்டின் கடைசி நாள் விகிதத்தையோ பயன்படுத்தலாம்.

இனி சொத்து மதிப்பு. தனியாகவோ துணையோடு சேர்ந்தோ நிகர மதிப்பு 10 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும். சொத்து இருவர் பெயரிலும் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மனைவி பெயரில் மட்டும் உள்ள கணக்கும் கூட்டுக் கணக்கில் சேரும், முதலீட்டை ஒருவர் பெயரில் மட்டும் செய்யவும் தடையில்லை. இவ்வளவு தாராளமாக இருக்கும் விதி ஒன்றில் மட்டும் கண்டிப்பு: குடியிருக்கும் வீட்டைச் சேர்க்கக் கூடாது. 2010 ஜூலையில் டாட்-ஃபிராங்க் சட்டம் வந்த நாளிலிருந்து இதுதான் நிலை. உங்கள் 14 லட்சம் உடைவது இங்கே தொடங்குகிறது.

நீங்கள் அனுப்பிய பட்டியல்படி வீட்டின் மதிப்பு 6,50,000, மார்ட்கேஜ் பாக்கி 4,10,000. மிச்சம் 2,40,000 என்று சேர்த்திருக்கிறீர்கள். அது முழுவதும் போகிறது. வீட்டைச் சேர்க்காதபோது, வீட்டின் சந்தை மதிப்புக்கு உட்பட்ட மார்ட்கேஜையும் கடனாகக் கழிக்க வேண்டியதில்லை. வீட்டு விலை சரிந்து கடன் அதைவிட அதிகமாக இருந்தால், அதிகமாக உள்ள தொகையை மட்டும் கழிக்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

உங்களுக்குள்ள சிக்கல் வேறு. இந்த முதலீட்டுக்காகவே போன மாதம் வீட்டின் மேல் ஹெலாக் கடனாக 60,000 எடுத்து வங்கியில் வைத்திருக்கிறீர்கள். வங்கி இருப்பு 1,50,000 என்று காட்டிய பட்டியலில் அந்தக் கடன் இல்லை. முதலீடு செய்யும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் வீட்டின் மேல் ஏறிய கடனை, அது அந்த வீட்டை வாங்குவதற்கான கடனாக இல்லாத பட்சத்தில், பொறுப்பாகக் கழித்தே ஆக வேண்டும். வீட்டில் முடங்கிய மதிப்பைக் கடனாக உருவி, அதையே சொத்தாகக் காட்டித் தகுதி பெறுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 60 நாள் கழியட்டும் என்று காத்திருந்தால்கூட உங்கள் கணக்கு எல்லையைத் தொடாது என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

வெஸ்ட் ஆகாத ஆர்எஸ்யூ 1,40,000ஐயும் எடுத்துவிடுங்கள். நாளை வேலை போனால் உங்கள் கையில் இல்லாமல் போவது சொத்தாகாது. 401(கே)யில் இருவருக்கும் உள்ள 3,80,000 சேரும், நிறுவனம் போட்ட பங்களிப்பில் இன்னும் உங்களுக்கு உரிமையாகாத பகுதி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் ஆகிக் கணக்கில் உள்ள பங்குகள் 2,65,000 முழுவதும் சேரும்.

கோவை மனை 2.4 கோடி ரூபாய் என்கிறீர்கள். அது நீங்கள் குடியிருக்கும் வீடு இல்லை என்பதால் சேர்க்கலாம். ஆனால் துணை அல்லாத ஒருவரோடு கூட்டாக உள்ள சொத்தில் உங்கள் பங்கு மட்டும்தான் கணக்கு. பத்திரத்தில் அண்ணனுக்கும் உங்களுக்கும் சரிபாதி என்றால் 1.2 கோடி, டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1,36,000. வேண்டியது சந்தை மதிப்பு. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் அதைவிடக் குறைவாக இருக்கும், பக்கத்து மனைக்காரர் சொல்லும் விலை அதைவிடக் கூடுதலாக இருக்கும். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்று வாங்கி வைத்திருங்கள். நகைகளும் சொத்துதான், அதற்கும் மதிப்பீட்டுச் சான்று இருந்தால் சேர்க்கலாம். இந்திய வங்கிக் கணக்குகளைக் காட்டுவதானால், அவற்றின் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டிய ஆண்டுகளுக்கு எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு படிவத்தில் உள்ள கணக்கு இன்னொரு படிவத்தில் இல்லாமல் போவது தேவையில்லாத தொல்லை.

இப்போது கூட்டுங்கள். 401(கே) 3,80,000, பங்குகள் 2,65,000, வங்கி 1,50,000, மனை 1,36,000. மொத்தம் 9,31,000. கார் கடன் 28,000, ஹெலாக் 60,000 கழித்தால் 8,43,000. ஹெலாக்கை விட்டுவிட்டாலும் 9,03,000தான். 10 லட்சத்துக்கு இன்னும் தூரம் இருக்கிறது. இந்தக் கணக்கு முதலீட்டுக்கு நீங்கள் கட்டுப்படும் நாளில் நிற்க வேண்டும். பங்குச் சந்தை உச்சத்தில் இருந்த போன மாத ஸ்டேட்மெண்ட்டை வைத்து எல்லையை ஆயிரம் டாலரில் தாண்டுகிறவர்கள் கையெழுத்திடும் நாளில் மறுபடி கூட்டிப் பார்ப்பது அவசியம்.

பணம் இல்லாமலே தகுதி பெறும் வழி ஒன்றும் 2020 திருத்தத்தில் வந்தது. சீரிஸ் 7, சீரிஸ் 65, சீரிஸ் 82 ஆகிய பங்கு விற்பனை, முதலீட்டு ஆலோசனை உரிமங்களில் ஒன்றை வைத்திருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் அக்ரெடிட்டட் இன்வெஸ்டர். இவற்றில் 7, 82 தேர்வுகளை எழுத ஃபின்ரா என்ற புரோக்கர் ஒழுங்குமுறை அமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனம் ஒன்று உங்களை அனுப்ப வேண்டும். 65ஐ யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், எழுதித் தேறினால் போதும் என்ற பேச்சு நம்மவர்கள் நடுவே நிறையவே உலவுகிறது. அது தவறு. தேர்ச்சி மட்டும் போதாது. மாநிலத்தில் முதலீட்டு ஆலோசகர் பிரதிநிதியாக உரிமம் பெற்று, அது நடப்பில் இருக்க வேண்டும். முழுநேர வேலையில் இருக்கும் உங்களுக்கு இது எளிதான வழி இல்லை.

எல்எல்சி கேள்விக்கு வருகிறேன். நிறுவனம் ஒன்று தகுதி பெற அதன் சொத்து 50 லட்சம் டாலரைத் தாண்ட வேண்டும், இந்த முதலீட்டுக்கென்றே தொடங்கியதாகவும் இருக்கக் கூடாது. இன்னொரு வழி, அதன் பங்குதாரர்கள் அத்தனை பேரும் தனித்தனியே தகுதி பெற்றிருப்பது. நால்வரில் மூவர் தகுதி பெற்று நீங்கள் ஒருவர் இல்லையென்றால் அந்த எல்எல்சியே தகுதி இழக்கும். உங்கள் நண்பர்களின் தகுதியையும் நீங்கள் கெடுத்தவராவீர்கள்.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். ரெகுலேஷன் டி-யில் இரண்டு வழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. 506(பி) வழியில் விளம்பரம் கூடாது. ஏற்கெனவே பழகி, உங்கள் பொருளாதார நிலையை அறிந்தவரிடம்தான் பேசலாம். அங்கே முதலீட்டாளர் நிரப்பும் கேள்வித்தாளை, சந்தேகத்துக்குக் காரணம் இல்லாதவரை, விற்பவர் நம்பலாம். 'யாரும் சரிபார்ப்பதில்லை' என்ற பேச்சு இதிலிருந்துதான் வருகிறது. 506(சி) வழி 2013 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதில் விளம்பரம் செய்யலாம், ஆனால் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் தகுதியானவராக இருக்க வேண்டும், அதை விற்பவர் நியாயமான நடவடிக்கை எடுத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு டபிள்யூ-2 அல்லது 1040, சொத்துக்கென்றால் மூன்று மாதத்துக்குள் எடுத்த வங்கி, பங்குக் கணக்கு ஸ்டேட்மெண்ட்டுகளோடு கிரெடிட் ரிப்போர்ட், அல்லது சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்), வழக்கறிஞர் போன்றோர் மூன்று மாதத்துக்குள் தந்த கடிதம் ஆகியவை வழக்கமான சான்றுகள். 2025 மார்ச்சில் எஸ்.இ.சி. அலுவலர்கள் தந்த விளக்கப்படி, தனிநபர் குறைந்தது 2,00,000 டாலர் போட வேண்டும் என்று விதித்து, அது கடன் வாங்கிய பணமில்லை என்பது உள்ளிட்ட உறுதிமொழியும் பெற்றால், சரிபார்ப்பை எளிதாக முடிக்கலாம். 75,000 குறைந்தபட்சம் என்னும் உங்கள் நண்பரின் திட்டத்துக்கு இது பொருந்தாது.

600 பேர் உள்ள குழுவில், ஒவ்வொருவர் நிலையும் தெரியாமல் திட்டத்தைப் பகிர்ந்தால் அதைப் பொது விளம்பரமாகக் கொள்ளவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் 506(பி) கதவு மூடிவிட்டது. 506(சி) என்றால் சரிபார்க்காமல் இருக்க முடியாது. சரிபார்க்கவே மாட்டோம் என்று சொல்கிறவர் இரண்டு விலக்கிலும் நிற்கவில்லை. விலக்கு இல்லாமல் விற்றால் அது பதிவு செய்யாத விற்பனை, முதலீட்டாளர் ஓராண்டுக்குள் வழக்குப் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒருவர் அப்படிக் கேட்டாலும் கட்டடத்தில் முடங்கிய எல்லோருடைய பணத்திலும் அது கைவைக்கும். உங்களுக்கே அந்த நிலை வந்து நீதிமன்றம் போனால், தகுதி இல்லை என்று தெரிந்தே டிக் போட்டவர் என்பதை எதிர்த்தரப்பு முதல் வாதமாக எடுத்து வைக்கும். உங்கள் மீதே இழப்பீடு கேட்கும் பிரிவும் பல ஒப்பந்தங்களில் இருக்கும். கையெழுத்துப் போடும் பக்கத்துக்கு முந்தைய பக்கங்களைப் படியுங்கள்.

சிலர் அக்ரெடிட்டட் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். இந்தியாவில் செபி 2021 முதல் அங்கீகார முகமைகள் வழியே சான்றிதழ் தரும் முறையை வைத்திருக்கிறது, அதன் அளவுகோல்களும் வேறு. அமெரிக்காவில் எஸ்.இ.சி. யாருக்கும் அப்படி ஒரு சான்றிதழ் தருவதில்லை.

உங்கள் முன்னுள்ள வழிகளில் சிறந்தது காத்திருப்பது. 2025 கூட்டு வருமானம் 3,21,000. 2026இலும் 3,00,000ஐத் தாண்டி, 2027இலும் இருவரும் அதே நிலையில் தொடர்வீர்கள் என்றால், 2027 பிறந்ததும் 'கடந்த இரண்டு ஆண்டுகள்' என்பது 2025, 2026 ஆகிவிடும். ஜனவரி முடிவதற்குள் டபிள்யூ-2 வந்துவிடும், சான்றும் தயார். ஒருவருக்கு வேலை போகும் என்று நோட்டீஸ் வந்திருந்தால் 2027க்கான எதிர்பார்ப்பு நியாயமானதாகாது, அப்போது டிக் போடக் கூடாது.

506(பி)யில் எந்த 90 நாள் காலத்திலும், தகுதி இல்லாதவர்கள் 35 பேர் வரை சேர்க்க இடம் உண்டு, அவர்களுக்கு முதலீட்டை எடைபோடும் அறிவு இருந்தால். ஆனால் அப்படி ஒருவரைச் சேர்த்தாலே நிதி அறிக்கைகளோடு விரிவான விவரக் குறிப்பு தர வேண்டும் என்பதால் பெரும்பாலான ஸ்பான்சர்கள் (திட்டத்தை நடத்துபவர்கள்) ஒருவரையும் சேர்ப்பதில்லை. வாட்ஸ்அப் செய்திக்குப் பிறகு இந்தத் திட்டத்தில் அது நடக்கவும் வழியில்லை. பதிவு பெற்ற தளங்கள் வழியே நடக்கும் ரெகுலேஷன் கிரவுட்ஃபண்டிங் (பலரிடம் இணையவழியில் பணம் திரட்டும்) திட்டங்களில் தகுதி இல்லாதவரும் போடலாம். இப்போதுள்ள விதிப்படி வருமானமும் நிகர மதிப்பும் 1,24,000 டாலருக்குக் குறையாதவர், இரண்டில் பெரியதில் 10 விழுக்காடு வரை 12 மாதங்களில் போடலாம், உச்சவரம்பு 1,24,000. உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்து, நிகர மதிப்பு 8,43,000இல் 10 விழுக்காடாக 84,300 வருகிறது. எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்த எல்லை அது, முழுவதையும் போடுங்கள் என்பதல்ல.

தகுதி வந்த பிறகும் நண்பரின் அடுத்த திட்டத்துக்குப் பணம் அனுப்பும் முன் எஸ்.இ.சி.யின் எட்கர் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். முதல் விற்பனையிலிருந்து 15 நாட்களுக்குள், விலக்கின் கீழ் விற்பதைத் தெரிவிக்கும் ஃபார்ம் டி தாக்கல் செய்ய வேண்டும். அதில் 506(பி)யா 506(சி)யா என்ற குறி இருக்கும், விற்பனைக்கு யாருக்குக் கமிஷன் போகிறது என்ற விவரமும் இருக்கும். ஆட்களைச் சேர்த்துவிடும் நண்பருக்கு, சேர்க்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று போகிறதா என்று நேராகவே கேளுங்கள். புரோக்கராகப் பதிவு செய்யாமல் அப்படி வாங்குவது தனிப் பிரச்சினை. புரோக்கர்களின் பதிவு விவரத்தைக் காட்டும் புரோக்கர்செக் தளத்தில் பெயரைத் தேடுவது இலவசம், ஐந்து நிமிட வேலை. இந்தப் பங்கை இடையில் விற்க நினைத்தாலும் சந்தை கிடையாது, சட்டப்படியும் மறுவிற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. கட்டடம் விற்கும்வரை பல ஆண்டுகள் பணம் வராது என்று எண்ணியே போட வேண்டும்.

அதனால்தான் அந்த ஹெலாக் 60,000ஐ இந்த வாரமே திருப்பிக் கட்டிவிடுங்கள். மாறும் வட்டியில் எடுத்த கடன் என்று எழுதியிருக்கிறீர்கள். குடியிருக்கும் வீட்டை ஈடு வைத்து, எப்போது திரும்பும் என்று தெரியாத இடத்தில் போடும் அளவுக்கு எந்தத் திட்டமும் அவசரமானதில்லை. நண்பரிடம், "ஜனவரிக்குப் பிறகு அடுத்த திட்டத்தில் பார்க்கலாம், அப்போது சான்றோடு வருகிறேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால், குழுவில் போட்ட செய்தியைப் பற்றி ஒரு செக்யூரிட்டீஸ் வழக்கறிஞரிடம் உடனே பேசும்படியும் அவருக்குச் சொல்லுங்கள். விற்பனை தொடங்கும் முன் 506(சி)க்கு மாறி எல்லோரையும் சரிபார்த்தால், அவர் தன் திட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.